'கேஸ் தீர்ந்துபோச்சு சார்!' - அப்பாவின் டாக்ஸி ஏசி சொன்ன உண்மை

கோடைக்காலத்தில் மெக்கானிக் ஷெட்களில் அதிகம் கேட்கும் வசனம் எது தெரியுமா? "கேஸ் தீர்ந்துபோச்சு சார். அடிச்சா சரியாயிடும்!"

கார் வைத்திருக்கிற பலரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பீர்கள். பெட்ரோல் தீர்கிறது, வீட்டு சிலிண்டர் தீர்கிறது. அதுபோல ஏசி கேஸும் தீரும்போல என்று தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டியும் இருப்பீர்கள்.

ஆனால், கார் ஏசியில் இருக்கும் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் மிகக் கொஞ்சமாகக் குறையலாம். மற்றபடி, பத்து நாளிலோ ஒரு மாதத்திலோ கேஸ் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

இந்த ஒரு விஷயம் புரிந்ததால், எங்கள் வீட்டில் 24,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட செலவு 5,900 ரூபாயில் முடிந்தது. என் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். எங்களுக்கு அந்த வித்தியாசம் இரண்டு மாத டியூ.

ஏசி ஓடலைன்னா வண்டி ஓடாது!

அப்பாவிடம் இருப்பது டி-போர்டு செடான் கார். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. காலையில் சில நிரந்தர வாடிக்கையாளர்கள், மற்ற நேரத்தில் ஆப் சவாரி. இப்படித்தான் சென்னையில் அவர் வண்டி ஓடுகிறது.

நிரந்தர வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், நான்கு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்துவர வேண்டும். இரண்டு வருடங்களாக அப்பாதான் போகிறார். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். "டிரைவர் சார் இருக்காருன்னுதான் நான் அங்க நிம்மதியா தூங்குறேன்" என்று ஒருமுறை போனில் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் குறைந்தது பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் கார் ஏசியில் குளிர்ச்சி குறைந்தது. இரண்டே நாளில் சுத்தமாக நின்றுபோனது. காற்று மட்டும் வந்தது, அதுவும் அனல் காற்று.

சென்னை வெயில் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். நமக்கென்றால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். டீச்சரால் அது முடியாது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் நினைத்தபோதெல்லாம் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது உடம்பு துவண்டுபோயிருக்கும், சிலருக்கு ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். அந்த நிலையில், மதியம் ஒரு மணிக்கு, ஏசி இல்லாத காரில் முக்கால் மணி நேரப் பயணம் எப்படியிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

டீச்சர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாராம். "அவங்க திட்டியிருந்தாகூடப் பரவால்ல பாப்பா" என்று அன்று இரவு அப்பா சாப்பிடாமல் எழுந்துபோனார். மறுநாளிலிருந்து அந்தச் சவாரியை ஸ்டாண்டில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்துவிட்டார். ஆப் சவாரியிலும், 'ஏசி வேலை செய்யவில்லை' என்று புகார் போட்டு ரேட்டிங்கைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஏசி என்பது சொகுசு விஷயமில்லை.

முதல் கடை 1,800... இரண்டாவது கடை 24,000!

முதலில் அப்பா போனது வழக்கமாக சர்வீஸ் விடும் கடை. பானெட்டைத் திறந்தார்கள். "கேஸ் இல்ல அண்ணே" என்றார்கள். ஒரு கேனை மாட்டினார்கள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. 1,800 ரூபாய். ஏசி ஜில்லென்று வந்தது. டீச்சர் சவாரியும் திரும்ப வந்தது.

பதினோரு நாள்தான். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தபோது மறுபடி அனல் காற்று. மறுபடி அதே கடை. "இன்னொரு தடவை அடிச்சுப் பார்க்கலாம்" என்றார்கள். அப்பாவுக்கு நம்பிக்கை போய்விட்டது.

இரண்டாவது கடை கொஞ்சம் பெரியது. ஏசியைப் போட்டுப் பார்த்தார்கள். கம்ப்ரஸர் சுற்றவில்லை. "கம்ப்ரஸர் போச்சு. புதுசு போடணும். எல்லாம் சேர்த்து 24,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அம்மா எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்து வளையல் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஸ்டாண்டில் இருக்கும் நண்பர்தான், "அவசரப்படாதப்பா. புதுப்பேட்டைப் பக்கம் ஒருத்தர் இருக்கார். ஏசி மட்டும்தான் பார்ப்பார். காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றார். வியாழக்கிழமை எனக்கு வீக் ஆஃப். நானும் அப்பாவோடு கிளம்பினேன்.

குளிரை எங்கிருந்தும் கொண்டுவருவதில்லை!

ஷெட்டுக்குள் போவதற்குமுன், கார் ஏசி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இது புரிந்தால் மெக்கானிக் சொல்வது எல்லாமே புரியும்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். கையில் சானிட்டைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதே, ஏன்? அது ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே காரணத்தால்தான். கார் ஏசியிலும் அதேதான் நடக்கிறது. ஆனால், ஆவியானதை வீணாக்காமல் பிடித்து, மறுபடி திரவமாக்கித் திரும்பத் திரும்ப உபயோகிக்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்வது நான்கு பாகங்கள். இன்ஜின் பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரஸர், கேஸை அழுத்துகிறது. சைக்கிள் பம்ப்பில் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறது இல்லையா? அதுபோல அழுத்தப்பட்ட கேஸும் கொதிக்கிறது. அது காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்குப் போகிறது. அங்கே ஃபேன் காற்று பட்டு, சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. அடுத்தது எக்ஸ்பான்ஷன் வால்வு. மிகச்சிறிய துளை வழியாக அந்தத் திரவம் பீய்ச்சப்படுகிறது. பாடி ஸ்ப்ரேயைத் தொடர்ந்து அடித்தால் டப்பா ஜில்லிட்டுப்போவதுபோல, திரவம் சட்டென்று குளிர்கிறது. கடைசியாக, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அதன் வழியாக வரும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, திரவம் மறுபடி கேஸாக மாறி கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. நடுவில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள ட்ரையர் என்று ஒரு சின்ன டப்பாவும் உண்டு.

நம் ஊர் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். சின்ன கார்களுக்குச் சுமார் அரைக் கிலோ போதும். அந்த அரைக் கிலோதான் மொத்த காரையும் குளிர வைக்கிறது.

டாக்டர் மாதிரி கேள்வி கேட்ட மெக்கானிக்

அந்த ஷெட்டில் இரண்டு கார் நிறுத்தினால் மூன்றாவது காருக்கு இடமில்லை. சுவரில் நீலமும் சிவப்பும் ஹோஸ் தொங்கும் கேஜ், மூலையில் நைட்ரஜன் சிலிண்டர், மேஜையில் ஓர் எடை மெஷின். மெக்கானிக் அண்ணாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். 14 வயதில் ஸ்பேனர் பிடித்தவராம்.

அவர் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"ஒரேயடியா நின்னுச்சா, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா?"

"ரெண்டு நாள்ல குறைஞ்சு நின்னுச்சுங்க."

"நிக்கிறதுக்கு முன்னாடி, வண்டி ஓடும்போது நல்லா வந்து, சிக்னல்ல நிக்கும்போது மட்டும் கூலிங் போச்சா?"

"இல்ல, எப்பவும் ஒரே மாதிரிதான்."

"கேஸ் அடிச்சப்ப வேக்கம் போட்டாங்களா? எவ்வளவு கிராம் ஏத்துனாங்க?"

"அதெல்லாம் எதுவும் சொல்லலைங்க. கேனை மாட்டினாங்க, கையை வெச்சுப் பார்த்துட்டு போதும்னாங்க."

"முன்னாடி எங்கயாவது இடிச்சீங்களா?"

அப்பா யோசித்தார். "தீபாவளி சமயத்துல ஒரு ஆட்டோ உரசிட்டுப் போச்சு. பம்பரைக் கழற்றி டிங்கரிங் பண்ணி மாட்டினாங்க."

"ம்ம்..." என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் பானெட்டைத் திறந்தார். கேள்வி கேட்பதுதான் என் வேலை. ஜர்னலிசம் டிப்ளமோவில் 'எப்போது, எங்கே, எப்படி' என்று பாடமே உண்டு. அதை இவ்வளவு சுத்தமாகச் செய்யும் ஆளை நான் ஒரு மெக்கானிக் ஷெட்டில்தான் பார்த்தேன்.

நோயாளி படுத்திருக்கிறார்... செத்துப்போகவில்லை!

கேஜில் இருந்த நீல ஹோஸை ஒரு குழாயிலும் சிவப்பு ஹோஸை இன்னொரு குழாயிலும் மாட்டினார். இன்ஜின் ஓடவில்லை. இரண்டு முள்ளும் 20-ஐத் தொட்டு நின்றன.

"இந்த வெயில்ல, வண்டி நிக்கும்போதே ரெண்டு பக்கமும் 100 பி.எஸ்.ஐக்கு மேல இருக்கணும்மா. 20 இருக்குன்னா கேஸே இல்லைன்னு அர்த்தம்."

"கம்ப்ரஸர் சுத்தலைன்னு சொன்னாங்களே அண்ணா?"

"சுத்தாது. சுத்தவும் கூடாது" என்று சிரித்தார். "கம்ப்ரஸருக்கு வேணுங்கிற ஆயில், கேஸோட கலந்துதான் ஊர் சுத்துது. கேஸ் இல்லாம கம்ப்ரஸர் ஓடுச்சுன்னா ஆயில் இல்லாம தேஞ்சு, ஜாம் ஆகிடும். அதனால, பிரஷர் குறைஞ்சா ஒரு சுவிட்ச் கரன்ட்டையே கட் பண்ணிடும். அந்த சுவிட்ச் அதோட வேலையைச் சரியாப் பார்த்திருக்கு. இவங்க கம்ப்ரஸரைக் குத்தம் சொல்லிட்டாங்க."

சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினார். இன்ஜினை நிறுத்திவைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து கம்ப்ரஸர் கிளட்ச்சுக்கு நேரடியாகக் கொடுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கிளட்ச் ஒட்டிக்கொண்டது. ஒயரை எடுத்துவிட்டு கிளட்ச் தட்டைக் கையால் சுற்றினார். கரகரப்போ பிடிப்போ இல்லாமல் சுற்றியது.

"கம்ப்ரஸர் நல்லாயிருக்குன்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். கேஸ் ஏத்தி பிரஷர் பார்த்தாதான் முழுசா தெரியும். ஆனா, போச்சுன்னு சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்ல."

அப்பா முகத்தில் நான் அப்படியொரு நிம்மதியைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

ஓட்டையைத் தேடும் வித்தை

மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் ஒரு மெஷின் மூலம் இழுத்துக்கொண்டார். ஏன் அப்படி என்று கேட்டேன். "மேல போய் சும்மா இருக்காதும்மா அது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முன்பெல்லாம் கார் ஏசியில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அந்த வகை கேஸ்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1987-ல் மான்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 படிப்படியாக விலக, ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதனால் இதையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. லீக்கைப் பார்க்காமல் மாதம் ஒருமுறை கேஸ் அடிப்பது, பர்ஸுக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் நாம் போடும் தீனி.

பிறகு, காலியான குழாய்களுக்குள் நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ வரை ஏற்றினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்தார். அவர் தேடியது ஓட்டையை அல்ல, எண்ணெய்க் கறையை. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். பம்பருக்குப் பின்னால், கண்டென்ஸரிலிருந்து வரும் அலுமினியப் பைப்பின் வளைவில் டார்ச் நின்றது. கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கறை. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவினார். சில விநாடிகளில், கடுகு அளவில் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"இங்க பாருங்க அண்ணே. இந்த பைப்பைப் பிடிக்கிற கிளாம்ப் இல்ல. பம்பர் வேலை பார்த்தப்ப கழற்றி, திரும்ப மாட்டாம விட்டிருக்காங்க. வண்டி அதிர அதிர, பைப் இந்த இரும்பு பிராக்கெட்ல உரசி உரசித் தேஞ்சிருக்கு."

தீபாவளிக்கு உரசிய ஆட்டோ, சித்திரையில் எங்கள் ஏசியை நிறுத்தியிருக்கிறது! ஒரு கிளாம்ப்பின் விலை சில ரூபாய்தான் இருக்கும். அதற்காக நாங்கள் 24,000 ரூபாய்க்கு வளையலை அடகு வைக்கப் போயிருப்போம். புது கம்ப்ரஸர் போட்டிருந்தாலும் பைப் ஓட்டை அப்படியே இருந்திருக்கும். பதினோரு நாளில் மறுபடி அனல் காற்றுதான்.

அவசரப்படாத ரிப்பேர்

பைப்பை வெல்டு வைக்கலாமா என்று அப்பா கேட்டார். "நேரா இருக்கிற இடம்னா வைக்கலாம். இது வளைவு. மறுபடி விட்டுடும்" என்றார். ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைக்குப் போன் செய்து புது பைப் வரவழைத்தார். இரண்டு பக்கமும் புது ஓ-ரிங், ஒரு சொட்டு ஆயில் தடவி மாட்டினார். கூடவே ட்ரையரையும் மாற்றச் சொன்னார். லீக் ஆன வழியாக ஈரக் காற்று உள்ளே போயிருக்கும். அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆயிலுடன் சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கவும் செய்யும்.

அடுத்ததுதான் முதல் கடையில் செய்யாமல் விட்ட வேலை, வேக்கம். ஒரு பம்ப்பை மாட்டி, குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் 45 நிமிடம் உறிஞ்ச விட்டார். அழுத்தம் குறையக் குறைய, உள்ளே இருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். பிறகு பம்ப்பை நிறுத்திவிட்டு கேஜ் முள்ளைக் காட்டி, "கால் மணி நேரம் இதைப் பார்த்துக்கிட்டே இரும்மா. முள்ளு அசைஞ்சா கூப்பிடு" என்று சொல்லி டீ குடிக்கப் போனார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்தேன். அசையவில்லை.

கேஸ் ஏற்றும்போது கேனை எடை மெஷின்மேல் வைத்தார். பானெட்டின் கீழ் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எங்கள் காருக்கு 450 கிராம் என்று இருந்தது. 450-ல் வால்வை மூடினார். "கையை வெச்சுப் பார்த்து கேஸ் அடிக்கிறது, உப்பு பார்க்காம குழம்பு வைக்கிற மாதிரி. கூடுனாலும் கஷ்டம். கேஸ் அதிகமானா பிரஷர் ஏறும், கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு" என்றார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டார். 'டக்'. நீல முள் 40-ல், சிவப்பு முள் 240-ல் நின்றன. இரண்டும் அந்த வெயிலுக்குச் சரியான அளவு என்றார். கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருந்தது. ஏசி காற்று வரும் இடத்தில் தெர்மாமீட்டரைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் 9 டிகிரி காட்டியது. கடைசியாக, காணாமல்போன கிளாம்ப்புக்குப் பதில் வேறொன்றை எடுத்து, ரப்பர் துண்டு வைத்து பைப்பை இறுக்கினார்.

பைப் 2,400, ட்ரையர் 900, கேஸ் 1,100, கூலி 1,500. மொத்தம் 5,900 ரூபாய். துண்டுச்சீட்டில் '450 கிராம்' என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை டீச்சரை அழைத்துப்போனது அப்பாதான்.

நீங்களே பார்க்கலாம்... ஐந்தே நிமிடத்தில்!

அன்று அந்த ஷெட்டில் கழித்த ஆறு மணி நேரத்தில் அண்ணாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. மெக்கானிக்கிடம் போவதற்குமுன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காற்றே குறைவாக வருகிறதா? அது கேஸ் பிரச்னையாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தூசியும் சருகும் அடைத்திருப்பது தெரியும். புதிது மாற்றினாலே பாதிப் பேருக்குப் பிரச்னை தீர்ந்துவிடும் என்பது அண்ணாவின் அனுபவம்.

காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சி இல்லையா? இன்ஜின் ஓடும்போது ஏசி சுவிட்ச்சைப் போட்டுக் கவனியுங்கள். பல கார்களில் 'டக்' என்று கிளட்ச் ஒட்டும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம். கம்ப்ரஸர் போயிருப்பது கடைசி சந்தேகமாக இருக்கட்டும். சில புது கார்களில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரஸர் உண்டு. அதில் இந்தச் சத்தம் வராது.

ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் இல்லையா? முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்ஸரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி.

முதல் அரை மணி நேரம் ஜில்லென்று வந்து, பிறகு காற்றே குறைந்துபோகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். ஏசியை நிறுத்தி, ஃபேனை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் காற்று திரும்ப வரும். அப்படி வந்தால் அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முன் சீட்டின் கீழே மேட் ஈரமாகிறதா? ஏசி தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்திருக்கும். கார் அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. காருக்குள் சொட்டினால்தான் பிரச்னை.

ஒரு எச்சரிக்கை. கேஸ் குழாயின் வால்வை நீங்களாகத் திறக்காதீர்கள். பீய்ச்சி வரும் கேஸ் கையையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். இன்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் துப்பட்டா, வேட்டி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் போகக் கூடாது.

பணம் கொடுப்பதற்குமுன் நான்கு கேள்விகள்

"கேஸ் இல்லை" என்று யாராவது சொன்னால் இந்த நான்கையும் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும்.

எங்கே லீக் ஆகிறது, காட்ட முடியுமா? சோப்பு நுரையோ, எண்ணெய்க் கறையோ, கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வேக்கம் எவ்வளவு நேரம் போடுவீர்கள்? அரை மணி நேரத்துக்குக் குறைவாக என்றால் யோசியுங்கள்.

எத்தனை கிராம் ஏற்றுவீர்கள், எடை மெஷின் இருக்கிறதா? பானெட் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். முன்கூட்டியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் போச்சு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பிரஷர் எவ்வளவு காட்டியது? இதற்குப் பதில் வராவிட்டால், வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்குப் போவதில் தப்பே இல்லை. ஆபரேஷன் என்று சொன்னால் இரண்டாவது டாக்டரைப் பார்க்கிறோம் இல்லையா, அதுபோலத்தான்.

எல்லா லீக்கும் எங்களுடையதுபோல 5,900 ரூபாயில் முடிந்துவிடாது. கூலிங் காயிலில் ஓட்டை என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், கூலியும் கூடும். நிஜமாகவே கம்ப்ரஸர் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது செலவு செய்துதான் ஆக வேண்டும். ஆனால், எதற்காகச் செலவு செய்கிறோம் என்று தெரிந்து செய்வதற்கும், யாரோ சொன்னார்கள் என்று செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

டாக்ஸி ஸ்டாண்டில் இப்போது யார் காரில் ஏசி மக்கர் செய்தாலும் முதலில் அப்பாவிடம்தான் கேட்கிறார்கள். அவர் ரிப்பேர் எதுவும் செய்வதில்லை. "ஒரேயடியா நின்னுச்சா, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா?" என்று கேட்பதோடு சரி.